பாட்டில் இருந்த கள்

பீரை நான் முதன்முதலில் ருசித்தது ஒரு பாலாடையில். கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுவார்களே, மூக்கு வைத்த அந்தச் சின்ன ஏனத்தில். அப்போது நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் சமன்பாட்டை எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தச் சமன்பாட்டின் வலது பக்கம் எப்படி இருக்கும் என்பது மட்டும் என் நாக்குக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் என் கணவரும் பெரியபட்டினத்துப் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவர் தமிழாசிரியர். கடற்கரைக்குப் போகிற வழியில், தென்னந்தோப்பை ஒட்டிய வீடொன்றின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். முன்கட்டில் வீட்டுக்காரம்மா இருந்தார். ஊரில் எல்லோரையும் போல நாங்களும் அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த மே மாத விடுமுறையில் என் கணவரின் அத்தை மகன் பெல்ஜியத்திலிருந்து வந்தார். அங்கே ஒரு பீர் ஆலையின் சோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை. ஊரில் கேட்பவர்களிடம் ‘பார்லித் தண்ணிக் கம்பெனி’ என்று சொல்லி வைத்திருந்தார். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அவருடைய ஆலைக்கு அப்போது ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. ஐந்நூறு வருடம், ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய செய்முறைகளைத் தேடிப் பிடித்து, அந்தக் காலத்துப் பீரை மறுபடி காய்ச்சிப் பார்ப்பது. அப்படிக் காய்ச்சியதில் மூன்று பாட்டிலைச் சட்டைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தார்.

மூன்றில் ஒன்று மதுரைக்கும் பரமக்குடிக்கும் நடுவில், பஸ்ஸின் மேல்தட்டில் இருந்த பெட்டிக்குள்ளேயே வெடித்துவிட்டது. அக்கினி வெயில், ரோட்டில் பள்ளம், பாட்டிலுக்குள் உயிரோடு இருந்த ஈஸ்ட், எல்லாம் சேர்ந்துகொண்டன. கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தலையில் ஒழுகியதாம். அவர் தலையைத் தடவி, விரலை மோந்து பார்த்து, “யாருய்யா மேல தேன்கூடு வச்சிருக்கிறது?” என்று கேட்டிருக்கிறார். கண்டக்டருக்குச் சந்தேகம். பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

“என்ன சார் இது?”

“ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின துறவி மடத்துச் சரக்குங்க.”

“ஐந்நூறு வருஷமாவா பெட்டிக்குள்ள வச்சிருந்தீக? கெட்டுப் போயிருக்கும்ல?” என்று கேட்டுவிட்டு, கண்டக்டர் விசில் ஊதிவிட்டாராம்.

மீதி இரண்டு பாட்டிலோடு அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அவருடைய சட்டையெல்லாம் புளித்த தேன் வாசனை அடித்தது. திறக்கலாமா என்று கண்ணால் கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் லாத்தா ஐந்து வேளையும் தொழுகிறவர். அவர் நம்பி விட்ட வீட்டில் பாட்டில் திறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கடற்கரைக்குக் கொண்டுபோகலாம் என்றால், வலை பின்னிக்கொண்டிருக்கும் ஆட்களில் பாதிப்பேர் எங்கள் மாணவர்களின் தகப்பன்மார். “டீச்சர் கரையில உக்காந்து குடிக்குது” என்ற செய்தி நாங்கள் வீடு திரும்புவதற்கு முன் ஊர் முழுக்கப் போயிருக்கும்.

கடைசியில் என் கணவருக்கும் அவருக்கும் சொந்த ஊரான கிராமத்துக்கே போவது என்று முடிவாயிற்று. கடலாடிக்குப் பக்கத்தில், உள்ளே தள்ளி இருக்கிற ஊர். அங்கே என் மாமனார் தனியாக இருந்தார். மாமியார் தவறிப்போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. அவர் வீட்டில் பாட்டில் என்ற பேச்சே எடுக்க முடியாது. மாமா வாழ்க்கையில் ஒரு சொட்டுக் கள்ளுகூடத் தொட்டதில்லை. குடித்தவன் ஊர்க் கூட்டத்தில் உட்காரக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். மீறி உட்கார்ந்தால் அம்மன் கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்கி ஊற்றி, கூட்டத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். ஆனால் அதே தெருவில் பெல்ஜியத்துக்காரரின் வீடு இருந்தது. அவருடைய அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு பூட்டிக் கிடந்த அந்த வீட்டை ஒரு வியாபாரி மிளகாய் வத்தல் மூட்டை அடுக்க எடுத்திருந்தார். சாவியை வாங்கித் திறந்தோம். கழுவிக் குடிக்கத் தகுந்த ஏனம் என்று இரண்டு டம்ளரும் ஒரு பாலாடையும் அகப்பட்டன. டம்ளரை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்துக் குண்டு மிளகாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூரை வரைக்கும் மூட்டை. உள்ளே போனதும் மூன்று பேரும் மாறி மாறித் தும்மினோம். பெல்ஜியத்துக்காரர் ஒரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே முதல் பாட்டிலைத் திறந்து, கொஞ்சம் ஊற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முறையாக விளக்கம் சொன்னார். ஐயாயிரம் வருடத்துக்கு முன்னால் களிமண் பலகையில் எழுதி வைத்திருந்த செய்முறையாம். பார்லி ரொட்டியைச் சுட்டு, உதிர்த்து, பேரீச்சம்பழத்தோடு ஊறப் போட்டு எடுத்தது.

“முதல்ல மோந்து பாக்கணும் தங்கச்சி. அப்பறம் நாக்கு நுனியில ஒரு சொட்டு.”

நான் மோந்து பார்த்தேன். மிளகாய் நெடிதான் வந்தது. பாலாடையைச் சாய்த்துக் கொஞ்சம் குடித்தேன். இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. பாதி ஆறிப்போன பேரீச்சம்பழக் காப்பியில் ரொட்டியை முக்கி, ரொட்டியை எடுத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் குடித்தது மாதிரி இருந்தது. அப்படியே சொன்னேன். பெல்ஜியத்துக்காரர் கண்ணை விரித்தார். “எங்க ஆலையில பத்துப் பேரு உக்காந்து பேசி இதைத்தான் எழுதுனோம். காப்பி மட்டும்தான் இல்ல.”

என் கணவர் ஒரே மூச்சில் டம்ளரைக் காலி செய்துவிட்டு, “நல்லாருக்கு” என்றார். அவர் எதையும் அப்படித்தான் குடிப்பார்.

இரண்டாவது பாட்டில், பீரில் இப்போது போடுகிற கசப்புப் பூ ஐரோப்பாவுக்குப் பழக்கமாவதற்கு முன்னால் காட்டு மூலிகைகளைப் போட்டுக் காய்ச்சிய வகை. மூடியைத் திறந்ததுமே நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிரசவித்தவளுக்குக் கொடுக்கும் கஷாய வாசனை. குடித்தால் ருசியும் அதேதான், நுரையோடு. “இதுக்கா மாப்ள இம்புட்டுத் தூரம் பெட்டி தூக்கிட்டு வந்த? நாட்டு மருந்துக் கடையில சொன்னா இங்கனயே கட்டிக் குடுப்பானே” என்றார் என் கணவர்.

அந்தக் கேலி பெல்ஜியத்துக்காரரைக் கொஞ்சம் உரசிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார்.

“எலே, நீ தமிழ் வாத்தியார்தான? நம்ம பழைய பாட்டுல கள்ளு காய்ச்சுற பக்குவமே இருக்குன்னு சொல்லுவியே. அதை ஒருத்தனாவது காய்ச்சிப் பாத்திருக்கானா? அவென் களிமண்ணைத் தோண்டி எடுத்துக் காய்ச்சுறான். நம்ம ஆளுக மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குறதோட சரி.”

என் கணவரை அதைவிட மோசமாக யாரும் திட்டியதில்லை. தும்மிக்கொண்டே எழுந்து நின்று, அந்தப் பாட்டை அடி மாறாமல் சொன்னார். பிறகு பொருள் சொன்னார். தீட்டாத அரிசியைக் குழையக் காய்ச்ச வேண்டும். வாய் அகன்ற ஏனத்தில் ஆறவிட வேண்டும். அதில் ‘அடை’யைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து, கெட்டியான வாயுள்ள ஜாடியில் விளையவிட்டு, விரலால் பிசைந்து பிழிய வேண்டும். அவ்வளவுதான்.

“அடைன்னா?” என்று கேட்டேன்.

“அடைன்னா அடைதான். தோசைக்கல்லுல போடுறதுதான். பாரு, களிமண்காரன் ரொட்டி சுட்டுப் போட்டான். நம்மாளு அடை சுட்டுப் போட்டிருக்கான்.”

பாட்டுக்கு உரை எழுதியவர் அதற்கு முளை கட்டிய நெல் என்று பொருள் சொல்லியிருக்கிறார் என்பதைப் பெரியபட்டினம் திரும்பி உரையைப் புரட்டியபோதுதான் நான் தெரிந்துகொண்டேன். என் கணவருக்கும் உரையாசிரியர்களுக்கும் ஆகாது. அவர்கள் எது சொன்னாலும் இவர் வேறு ஒன்று சொல்வார்.

ஆக, நான் அரிசி அடை சுட்டேன். வெங்காயம், வத்தல் எதுவும் போடாமல், கனமாக. கைக்குத்தல் அரிசியைக் கஞ்சியாகக் குழைத்து, ஆறவைத்து, அடையைப் பிய்த்துப் போட்டு, ஊறுகாய் ஜாடியில் ஊற்றி வாயைத் துணியால் கட்டினோம். சட்டப்படி இது குற்றம் என்பது எங்களுக்குத் தெரியும். கடையில் விற்கிற சரக்கைக் குடிக்கலாம். வீட்டில் காய்ச்சினால் பிடித்துக்கொண்டு போவார்கள். “இலக்கிய ஆராய்ச்சின்னு சொல்லிக்கிரலாம்” என்று என் கணவர் தைரியமாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஜாடியின் மேல் நாலு மிளகாய் மூட்டையை இழுத்துப் போட்டு மறைத்தார்.

இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது, ஜாடிக்குள் பச்சையும் கறுப்புமாக முடி முளைத்திருந்தது. அழுகிய வாடை மிளகாய் நெடியையே அமுக்கிவிட்டது. ஐயாயிரம் வருடத்துப் பீரையெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் குடித்த பெல்ஜியத்துக்காரர், இதை மோந்து பார்த்ததும் வெளியே ஓடிப்போய் வேலியோரம் உட்கார்ந்துவிட்டார். கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்டினோம். ஆடுகூடக் கிட்டே வரவில்லை.

“பாட்டுல தப்பு இருக்காது. உன் அடையிலதான் என்னமோ கோளாறு” என்றார் என் கணவர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்குச் சாயந்தரம் பெல்ஜியத்துக்காரரை மாமா வீட்டில் விட்டுவிட்டுப் பெரியபட்டினம் திரும்புகிற பஸ்ஸில், ஏர்வாடி தாண்டும்வரை நான் அவரோடு பேசவில்லை. கீழக்கரை வந்ததும் பாடம் நடத்த ஆரம்பித்தேன். கஞ்சி என்பது வெறும் மாவுச்சத்து. ஈஸ்டுக்கு மாவுச்சத்தைத் தின்னத் தெரியாது, சர்க்கரைதான் வேண்டும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிற நொதி முளைக்கிற விதையில் சுரக்கிறது. கல்லில் சுட்டால் அது செத்துப்போகும். “உங்க பாட்டுக்காரருக்கு இது தெரியாம இருக்காது. முளையைத்தான் போட்டிருப்பாரு” என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “முளைன்னா முளைன்னு சொல்லத் தெரியாதா அவருக்கு?” என்றார்.

நான் நெல்லை ஊறப் போட்டேன். முளை கட்டுவதில் பாவம் எதுவும் இல்லையாதலால் அதை எங்கள் வாடகை வீட்டிலேயே செய்தேன். ஈரச்சாக்கில் பரப்பி, மூடிப்போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் லாத்தா எட்டிப் பார்த்து, “என்ன டீச்சர், கோடையில நாத்துப் பாவப் போறீகளா?” என்றார்.

“இல்ல லாத்தா. மாவாக்கப் போறேன். கஞ்சிக்கு நல்லது.”

“அப்ப எனக்கும் ஒரு கை தாங்க. மக பேத்தியத் தூக்கிட்டு வந்திருக்கா. சாயந்தரம் அதுக்குக் கஞ்சி காய்ச்சணும்.”

முதல் ஈடாக முளைத்ததில் ஒரு பிடியை மட்டும் எடுத்துக் காயவைத்து, இடித்து, உமி போகச் சலித்து, ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். சத்துள்ள மாவுதான், மனசாட்சி உறுத்தவில்லை. சாயந்தரம் லாத்தா கிண்ணத்தோடு வந்துவிட்டார். முகம் சரியில்லை.

“என்ன மாவு டீச்சர் இது? அரிசிக் கஞ்சி கெட்டியாக் காய்ச்சி, ஆறவும் இதை ஒரு கரண்டி போட்டுக் கிண்டுனேன். நான் நிமிந்து பாக்குறதுக்குள்ள தண்ணியா இளகிப்போச்சே! பச்சைப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஒண்ணும் ஆகாது லாத்தா. நல்லாச் செரிக்கும். எப்படி இளகுச்சு? ஒரே மூச்சிலயா, கொஞ்சம் கொஞ்சமாவா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “குடிச்சதும் பிள்ளை நல்லாத் தூங்குது. அதான் கேக்க வந்தேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். தூக்கத்துக்கு மாவு காரணமில்லை. ஆனால் கெட்டிக் கஞ்சி இளகியதற்கு நொதிதான் காரணம். என் பாடப் புத்தகம் முன்கட்டு அடுப்படியில் நிஜமாகியிருந்தது.

மறுநாள் காலையில் மீதி நெல்லை எடுக்கச் சாக்கைத் திறந்தேன். கொஞ்சம் அதிகமாகவே முளைத்துவிட்டிருந்தது. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அள்ள வரவில்லை. விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் மொத்தமும் ஒரே தட்டாக, விரல் கனத்துக்கு, வட்டமாகக் கழன்று வந்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“என்னங்க, இங்கன வாங்க.”

பல் துலக்கிக்கொண்டே வந்தவர் பார்த்ததும் வாயில் நுரையோடு நின்றுவிட்டார். துப்பிவிட்டு வந்து, அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடை!” என்றார். பிறகு இன்னும் சத்தமாக, “ஏம்மா, அடை! அந்தப் பாட்டுல அடையைப் புத்துக்குள்ள இருக்கிற கரையான் கூட்டோட ஒப்பிட்டிருக்கு. தோசைக்கல்லு அடை எப்படிப் புத்து மாதிரி இருக்கும்னு எனக்கே உள்ளுக்குள்ள இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இந்தா பாரு, இதுதான் கரையான் கூடு!”

வேரும் முளையும் பின்னிக் கிடந்த அந்தத் தட்டு, உடைத்த புற்றுக்குள் இருக்கிற நுண்துளைக் கூடு மாதிரியேதான் இருந்தது. அடையும்தான், முளையும்தான். நான் சொன்னது சரி, அவர் சொன்னதும் பாதி சரி. பாதி என்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. உரையாசிரியர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் ஞாபகப்படுத்தியபோது, குளிக்கப் போய்விட்டார்.

அடையைக் காயவைத்து இடித்த மாவோடு மறுபடி ஊருக்குப் போனோம். இந்தத் தடவை பொறுப்பு என்னுடையது. மிளகாய் வீட்டுக் காற்று வேண்டாம் என்று சொல்லி, கஞ்சியை மாமா வீட்டு அடுப்படியிலேயே காய்ச்சினேன். மாமா கேட்டதற்கு, “வயித்துக்கு நல்ல கஞ்சி மாமா, புளிக்க வைக்கணும்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். மாவைக் கலந்து, காயத்துக்குப் போடும் டிங்சர் அயோடினை வைத்துச் சோதித்தேன். கஞ்சியில் ஒரு சொட்டு விட்டால் முதலில் கருநீலம். கொஞ்ச நேரம் கழித்து ஊதா. அப்புறம் நிறமே மாறவில்லை. மாவுச்சத்தெல்லாம் சர்க்கரையாகிவிட்டது. பெல்ஜியத்துக்காரர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “எங்க ஆலையில இதுக்கு ஒரு மெஷின் இருக்கு தங்கச்சி” என்று பெருமூச்சு விட்டார்.

ஜாடி மறுநாளே பேச ஆரம்பித்தது. காதை வைத்தால் உள்ளே சின்னச் சின்னதாகக் கொப்புளம் உடைகிற சத்தம். வாடையில்லை. பழுத்த வாழைப்பழமும் புளித்த தோசை மாவும் கலந்த வாசனை. அடுத்த நாள் உச்சிப்பொழுதில் திறப்பது என்று முடிவு செய்தோம். வெயில் ஏறியதும் ஜாடி சூடாகிவிடக் கூடாதே என்று, அதைத் தூக்கி, அடுப்படி மூலையில் ஈர மணலில், மாமாவின் பழஞ்சோற்று நீச்சத்தண்ணிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த இடம்தான் வீட்டிலேயே குளிர்ச்சி. மறுநாள் திறப்பதற்கு முன், பிழிந்து வடிகட்ட வெள்ளைத் துணி வாங்கிவர நாங்கள் மூன்று பேரும் கடைத்தெருப் பக்கம் போனோம். ஒருவர் போதும்தான். ஆனால் யாருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் ஜாடி பாதியாகியிருந்தது. பக்கத்தில் மாமாவின் பெரிய செம்பு, அடியில் கொஞ்சம் உப்பு, கடித்துப்போட்ட சின்ன வெங்காயத்தின் வால்.

பெல்ஜியத்துக்காரர் ஜாடிக்குள் பார்த்துவிட்டு, “மாமா எங்க?” என்றார்.

“கூட்டம்” என்றார் என் கணவர். “இன்னைக்கு மந்தையில கூட்டம். வைகாசிப் பொங்கலுக்கு நோட்டீஸ் அடிக்கிறது சம்பந்தமா.”

ஓடினோம். நான் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அவர்கள் இரண்டு பேரையும் முந்திவிட்டேன்.

இந்த இடத்தில் சின்ன மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமாவின் உடன்பிறந்த தம்பி, அடுத்த தெருவில் இருந்தார். இரண்டு பேருக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் எங்கள் கல்யாணப் பத்திரிகை. அதில் சின்ன மாமாவின் பெயர் மற்றவர்களுடையதைவிடச் சின்ன எழுத்தில் அச்சாகிவிட்டது. அச்சகத்துக்காரர் இடம் பத்தாமல் செய்தது. ஆனால் அண்ணன் சொல்லித்தான் செய்தார்கள் என்று தம்பி நம்பினார். எனக்கு அது பெரிய மனவருத்தம். என் கல்யாணத்தால் பிரிந்தவர்கள் அவர்கள். இப்போது நோட்டீசில் யார் பெயர் முதலில் என்பதுதான் கூட்டத்தின் பேச்சே. ஒவ்வொரு வருடமும் இதில் சண்டை வந்து, ஒவ்வொரு வருடமும் நோட்டீஸ் திருவிழாவுக்குப் பிறகு வரும்.

மந்தையில் வேப்பமரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. மாமா நடுவில், சம்மணம் போட்டு, வழக்கம்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு வித்தியாசம், சிரித்துக்கொண்டிருந்தார். மாமா சிரித்து நான் பார்த்ததில்லை. இத்தனை நல்ல பல்வரிசை இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

எதிர்வரிசையில் சின்ன மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ, “பேர் வரிசை பத்திப் பேசிருவமா?” என்று மெல்ல ஆரம்பித்தார்கள்.

“பேச என்னய்யா இருக்கு?” என்றார் மாமா. “எந்தம்பி பேரை முதல்ல போடு. பெருசாப் போடு. பக்கத்தை அடைச்சுப் போடு. அம்மன் பேருக்கு எடம் இல்லேன்னா பின்பக்கத்துல போட்டுக்க. அவ கோவிச்சுக்கிற மாட்டா. இவென்தான் கோவிச்சுக்கிருவான்.”

பின்வரிசையில் யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள். சின்ன மாமா திரும்பினார். அவருக்குக் கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. “நக்கலா பேசுறியாண்ணே?” என்றார். பல வருடத்துக்குப் பிறகு அண்ணனைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

“நக்கல் இல்லடா. நீ குட்டப்பயலா இருக்கையில ஒனக்குப் பேரு எழுதச் சொல்லிக் குடுத்தவனே நான்தான்டா. செவுத்துல கரியால எம்புட்டுப் பெருசா எழுதுவ! அய்யா அடிக்க வந்தாருன்னு நான்தான் எழுதுனேன்னு பொய் சொல்லி அடி வாங்குனேன். ஒம்பேரைச் சின்னதாப் போட எனக்கு மனசு வருமாடா?”

மாமாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பும் நிற்கவில்லை. சின்ன மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஏதோ பழசெல்லாம் சொல்லுது” என்று பக்கத்தில் இருந்தவரிடம் முனகினார். எழுந்து வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வருடம் நோட்டீஸ் விஷயம் வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்துக்குள் முடிந்துபோனது.

வீட்டுக்கு வந்ததும் மாமா கயிற்றுக்கட்டிலில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். நாங்கள் மீதி ஜாடியைத் துணியில் பிழிந்து வடிகட்டினோம். இந்தத் தடவை எனக்கும் டம்ளர் கிடைத்தது. பால் கலந்த இளநீர் நிறம். முதல் வாயில் நீச்சத்தண்ணியின் புளிப்பு. அடுத்து மெல்லிய இனிப்பு, பனங்கிழங்கின் நடுத்தண்டு மாதிரி. விழுங்கிய பிறகு, வேகிற சோற்றின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற ஆவி இருக்கிறதே, அது தொண்டைக்குள்ளிருந்து மேலே வந்தது. காது மடல் சூடானது. பெல்ஜியத்துக்காரர் டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி நீட்டினார். என் கணவர் அந்தப் பாட்டை மறுபடி சொன்னார். எப்போதும் மேடையில் முழங்குகிறவர், அன்றைக்கு மாமாவை எழுப்பிவிடாமல் மெதுவாகச் சொன்னார்.

அடுத்த பிரச்சினை, மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது. வேண்டாம் என்றார் என் கணவர். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் முடிவெடுப்பதற்குள் மாமா எழுந்துவிட்டார். பெல்ஜியத்துக்காரருக்குத் தொழில் புத்தி. ருசித்தவரைப் பார்த்தால் கேட்காமல் இருக்க முடியாது.

“மாமா, அந்த ஜாடித் தண்ணி எப்படி இருந்துச்சு?”

மாமா யோசித்தார். “உப்பு வாங்கல. ரெண்டு தடவை போட்டேன். வெங்காயம் சேரல. ஆனா உள்ள போனதும் நெஞ்சுல இருந்த சுமை எறங்குன மாதிரி இருந்துச்சுப்பா. ஏத்தா, வெல்லம் ஏதும் போட்டியா?”

இனி மறைக்க முடியாது என்று நானே சொன்னேன். பழைய பாட்டு, முளை, ஜாடி, எல்லாவற்றையும். மாமா குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், “அப்ப நான் குடிச்சுப்புட்டுக் கூட்டத்துல உக்காந்திருக்கேன்” என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எழுந்து போய்க் குளித்தார். வேட்டி மாற்றினார். ஊர்க் கூட்டத்தை மறுபடி கூட்டச் சொல்லி ஆள் அனுப்பினார்.

மந்தையில் மறுபடி எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். மாமா நின்றபடியே சொன்னார். “மத்தியானக் கூட்டத்துக்கு நான் குடிச்சுட்டு வந்திருக்கேன். நீச்சத்தண்ணின்னு நெனச்சுக் குடிச்சது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். எண்ணெய் கோயிலுக்குக் குடுத்தாச்சு. இப்ப விழுகுறேன்.” மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

அவர் குனிவதற்குள் சின்ன மாமா எழுந்து வந்து தோளைப் பிடித்துவிட்டார். “தெரியாமக் குடிச்சதுக்குச் சட்டம் கெடையாது. அதுவும் நம்ம அண்ணன் விழுந்து நான் பாக்க மாட்டேன். தண்டனைதான வேணும்? ஒரு மாசத்துக்கு என் வீட்டுல வந்து சாப்பிடட்டும். என் வீட்டுச் சமையலு ஊருக்கே தெரியும்.”

சின்ன மாமியார் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, “ஏன், எஞ்சமையலுக்கு என்ன கொறச்ச?” என்று கேட்டதில் கூட்டம் கலைந்தது.

பெல்ஜியத்துக்காரர் விடுப்பு முடிந்து போனார். அந்த ஆலையில் இதைக் காய்ச்சியதாகவும், நம்மூர் நெல் கிடைக்காமல் வேறு எதையோ போட்டதில் சுமாராகத்தான் வந்தது என்றும் பிற்பாடு போனில் சொன்னார். நாங்கள் மறுபடி காய்ச்சவில்லை. ஒரு தடவை பிடிபடாமல் தப்பித்ததே போதும் என்று என் கணவர் சொல்லிவிட்டார். சின்ன மாமா மட்டும் என்னைத் தனியாகப் பார்க்கிற போதெல்லாம், “மருமகளே, வயித்துக்கு நல்ல கஞ்சின்னு ஏதோ வச்சியாமே” என்று ஆரம்பிப்பார்.

மாமா ஒரு மாதம் தம்பி வீட்டில் சாப்பிட்டார். அதற்குப் பிறகும் அங்கேயே சாப்பிட்டார். இரண்டு பேருக்கும் தினமும் சண்டை. குழம்பில் புளி கூடிவிட்டது, ரேடியோவில் செய்தியைச் சத்தமாக வைத்துவிட்டான், வாய்க்காலில் தண்ணீரை முதலில் திறந்துவிட்டான் என்று ஏதாவது ஒன்று. அவர்கள் பேசாமல் இருந்த வருடங்களில் அந்தத் தெரு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று அக்கம்பக்கத்தார் எங்களிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள்.